யாங்கூன் தோட்டங்களில் குளிர்காலம்: வறட்சி, உறைபனி, காப்பு முறைகள்

1. ஆய்வின் எல்லை

கடுங்குளிர்காலம் என்னும் தொடரைத் தோட்டக்கலை நூல்கள் பெரும்பாலும் பனிப்பொழிவு, உறைந்த மண், கண்ணாடிக் கூடங்களுக்குள் எடுத்துச் செல்லப்படும் தொட்டிச் செடிகள் ஆகியவற்றோடு சேர்த்தே ஆண்டு வந்துள்ளன. அந்நூல்களுள் மிகுதியானவை குளிர்நாடுகளின் பட்டறிவிலிருந்து பிறந்தவை. ஆதலால் வெப்பநாட்டுத் தோட்டக்காரர் அவற்றைப் படிக்கும்போது, தம் ஊரில் குளிர்காலமே இல்லை என்றோ, இருந்தாலும் அதற்கென ஆயத்தம் எதுவும் வேண்டியதில்லை என்றோ கருதிவிடுகின்றனர். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 16.8 பாகையில் அமைந்த யாங்கூன் நகரத்தில் பனி பெய்வதில்லை. நீர் உறைவதும் இல்லை. ஆயினும் ஆண்டின் மூன்று பருவங்களுள் ஒன்றான குளிர்காலம் அந்நகரத்துத் தோட்டங்களை ஆழமாக மாற்றுகிறது என்பதும், அதன் கடுமை குளிரிலிருந்து பிறவாமல் நீரின்மையிலிருந்து பிறக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இக்கருத்தை நிறுவும் பொருட்டு யாங்கூனின் பருவ அமைப்பு, குளிர் தாவர உடலைத் தாக்கும் வகைகள், குளிர்காலம் தரும் நன்மைகள், அக்காலத்து நீர்க்குறை, தோட்டக்காரர் கையாளும் காப்பு முறைகள் ஆகியன முதலில் ஆராயப்படுகின்றன. உறைபனி மெய்யாகவே விழும் மியான்மரின் மலைநாடுகளும், தமிழர் உழைப்பால் தோட்டங்களாகிய நீலகிரி, நுவரெலியா ஆகிய பகுதிகளும் பின்னர் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. ஒரே காற்று, இருவேறு பருவங்கள்

மியான்மரில் ஆண்டு என்பது மழைக்காலம், குளிர்காலம், வெயிற்காலம் என மூன்றாகப் பகுக்கப்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் யாங்கூனை அடைந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நீடிக்கிறது. ஆண்டு மழையாகிய ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டரில் மிகப் பெரும் பங்கு இக்காலத்தில்தான் பெய்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம் நிலவுகிறது; டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஆகிய மூன்று மாதங்களிலும் சேர்ந்து சராசரியாக 20 மில்லிமீட்டரை ஒட்டியே மழை கிடைக்கிறது. அதன்பின் வெயிற்காலம் தொடங்கி, ஏப்ரல் மாதத்தில் பகல் வெப்பம் 37 பாகை செல்சியஸ் அளவை எட்டுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து யாங்கூனுக்குக் குடிபெயரும் தோட்டக்காரர் ஒருவருக்கு இவ்வமைப்பு முற்றிலும் தலைகீழாகத் தோன்றக்கூடும். சென்னைக்கு நவம்பர் மாதத்தில் மட்டும் சராசரியாக 350 மில்லிமீட்டருக்கு மேல் மழை கிடைக்கிறது; அதே மாதத்தில் யாங்கூனில் வானம் தெளிந்து மண் காயத் தொடங்குகிறது. இரண்டு ஊர்களிலும் அக்காலத்தில் வீசுவது வடகிழக்கிலிருந்து வரும் காற்றே. ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்து, அங்கு அழுத்தம் மிகுவதால் புறப்படும் அக்காற்று மியான்மரை அடையும்போது நிலத்தின் மீதே பயணம் செய்து வந்திருப்பதால் வறண்டிருக்கிறது. பின்னர் வங்காள விரிகுடாவைக் கடக்கையில் நீராவியை ஏற்றுக்கொண்டு சோழமண்டலக் கரையில் மழையாகப் பொழிகிறது. எனவே தமிழ் மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் மழையின் மாதங்களாக இருக்க, யாங்கூனில் அவை மழை விடைபெறும் மாதங்களாக உள்ளன. ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்னும் விதைப்புக் கணக்கை அவ்வாறே அங்கு கொண்டு சென்றால் அது பொருந்தாது.

இவ்வேறுபாடு தமிழர் வரலாற்றோடும் தொடர்புடையது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இரங்கூன் என அன்று அழைக்கப்பட்ட நகரத்தின் மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் தமிழர் குறிப்பிடத்தக்க தொகையினர். 1871இல் தமிழர் எழுப்பிய காளி கோயில் இன்றும் அந்நகரின் நடுப்பகுதியில் வழிபாட்டில் உள்ளது. முருங்கையையும் கறிவேப்பிலையையும் மல்லிகையையும் வீட்டுப் புழக்கத்தில் கொண்ட ஒரு மக்கட்கூட்டத்துக்கு, மார்கழியில் நீர் ஊற்றியே தீரவேண்டிய மண்ணைப் பழகுவது தேவையான கல்வியாக இருந்திருக்கும் என்பதை இப்பருவக் கணக்கே உணர்த்துகிறது.

3. குளிர் தாவரத்தைத் தாக்கும் மூன்று படிகள்

குளிரின் தாக்கத்தை மூன்று படிகளாகப் பகுத்துக் காண்பது தெளிவு தரும். முதற்படி வளர்ச்சி மந்தம். வெப்பநாட்டுச் செடிகளின் வேர்கள் மண் குளிரும்போது நீரையும் ஊட்டத்தையும் மெதுவாகவே உறிஞ்சுவதால், இலை விரிதலும் தளிர் நீட்சியும் குறைகின்றன. இரண்டாம் படி குளிர் ஊறு எனப்படும். நீர் உறையாத நிலையிலேயே, அதாவது சுழியத்துக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே, திசுக்களின் சவ்வுகள் செயலிழந்து, இலைகள் வாடியோ புள்ளி விழுந்தோ கருகுவது இதன் அடையாளம். வாழைப்பழம் ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழ் வைக்கப்பட்டால் தோல் மங்கிச் சரியாகப் பழுக்காமல் போவது இவ்வகை ஊறுக்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மூன்றாம் படி உறைதல். செல்களுக்கு இடைப்பட்ட வெளியிலுள்ள நீர் பனிக்கட்டியாகும்போது செல்லுக்குள் இருக்கும் நீரும் வெளியே இழுக்கப்படுவதால் செல் உலர்ந்து சாகிறது. உறைபனியால் கெட்ட செடி தீயில் கருகியது போல் காட்சியளிப்பதற்கும் இவ்வுலர்தலே காரணம்.

யாங்கூனில் ஜனவரி மாதத்துச் சராசரிச் சிறும வெப்பம் 17 அல்லது 18 பாகை அளவில் நிற்பதால், அந்நகரத் தோட்டங்கள் வழக்கமான ஆண்டுகளில் முதற்படியைத் தாண்டுவதில்லை. கறிவேப்பிலை தளிர் விடுவதைத் தாமதப்படுத்துகிறது. வாழை இலை விடும் இடைவெளி நீள்கிறது. வெற்றிலை போன்ற ஈரம் நாடும் கொடிகள் குளிரைவிட உலர்ந்த காற்றாலேயே மிகுதியாகத் துன்புறுகின்றன. ஆசியாவின் உட்பகுதியிலிருந்து குளிர் அலைகள் எப்போதாவது தெற்கு நோக்கி இறங்குவதுண்டு; 2016 ஜனவரியில் வந்த அலை வடவியட்நாமின் மலைகளில் பனிப்பொழிவையே உண்டாக்கியது. ஆயினும் அத்தகைய அலைகள் ஒரு சில நாட்களில் அடங்கிவிடுவதால், யாங்கூன் சமவெளியில் இளநாற்றுகளையும் புதிதாக நட்ட ஒட்டுக்கன்றுகளையும் இரவில் மூடிவைப்பதே போதிய காப்பாகும்.

குளிரைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு. மழைக்காலத்தில் மேகம் போர்வையாக நிற்பதால் அவ்வேறுபாடு ஐந்தாறு பாகைக்குள் அடங்கும். ஜனவரியில் பகல் 32 பாகையையும் எட்டக்கூடும் என்பதால் அது 14 பாகை அளவுக்கு விரிகிறது. காலையில் பனித்துளி படிந்து குளிர்ந்து நிற்கும் இலை நண்பகலில் வறண்ட வெயிலை எதிர்கொள்கிறது. நிழலிலிருந்து திடீரென வெளியே வைக்கப்படும் தொட்டிச் செடிகளின் இலை கருகுவதற்கு இந்த ஏற்றத்தாழ்வே பெரும்பாலும் காரணம்.

4. குளிர்காலம் வழங்கும் நன்மைகள்

யாங்கூன் தோட்டக்காரருக்குக் குளிர்காலம் பகையாக மட்டும் வருவதில்லை. ஆண்டின் மிகச் சிறந்த வளர்ப்புக் காலமும் அதுவே. தக்காளியின் மகரந்தம் இரவு வெப்பம் மிகும்போது வளமிழப்பதாலும், அடைமழை பூவைக் கெடுப்பதாலும், மழைக்காலச் சமவெளியில் பூத்தும் காய்க்காமல் நிற்கும் தக்காளி, நவம்பருக்குப் பின் இரவுகள் குளிர்ந்ததும் நன்கு காய் பிடிக்கிறது. முட்டைக்கோசு, பூக்கோசு, கடுகுக் கீரை, கொத்தமல்லி ஆகியனவும் இப்பருவத்துக்கே உரியவை. பூக்கோசின் பூத்திரள் உருவாவதற்குக் குளிர்ச்சி தேவைப்படுவதால், விதைப்பு ஒரு மாதம் பிந்தினாலும் திரள் முற்றும் வேளையில் வெயிற்காலம் வந்து, பூ தளர்ந்து உதிரியாகிவிடும்.

மாமரத்துக்கும் இக்குளிர் பயன்படுகிறது. இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே சில வாரங்கள் தொடர்ந்து இறங்கியிருப்பதும், மண் உலர்ந்திருப்பதும் முதிர்ந்த கிளைகளை இலைத் தளிரிலிருந்து பூங்கொத்துக்குத் திருப்புகின்றன. மியான்மரின் புகழ்பெற்ற செயின்தலோன் மாம்பழம் வெயிற்காலத்தில் சந்தைக்கு வருவது இக்குளிர்காலப் பூத்தலின் பயனே. ஆகவே டிசம்பர் மாதத்தில் மாமரத்துக்கு மிகுதியாக நீர் பாய்ச்சுவது இரக்கம்போல் தோன்றினாலும் பூப்பதைக் குறைத்து இலையைப் பெருக்கும் தவறாகவே முடியும்.

பூச்செடிகளுள் சாமந்தி தனித்து நோக்கத்தக்கது. பகலின் நீளம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் மட்டுமே பூ அரும்பும் செடிகள் குறும்பகல் தாவரங்கள் எனப்படும். சாமந்தி அவ்வகையைச் சார்ந்தது. டிசம்பரில் யாங்கூனின் பகல் ஏறத்தாழ 11 மணி நேரமே நீள்வதால், பகோடாக்களுக்கும் வீட்டு வழிபாட்டுக்கும் மலர் தரும் சாமந்திக்கு இது இயல்பான பருவமாகிறது. மியான்மர் அரசர் குடும்பத்தோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் தஸின் என்னும் ஆர்க்கிட் மலரும் குளிர்காலத்தில்தான் பூக்கிறது. மழைக்காடுகளின் மரங்களில் ஒட்டி வளரும் டெண்ட்ரோபியம் வகை ஆர்க்கிடுகளுள் இலையுதிர்க்கும் இனங்கள், குளிர்ந்து உலர்ந்த ஓய்வுக்காலம் ஒன்றைக் கடந்தால்தான் அடுத்து வரும் மாதங்களில் நிறைவாகப் பூக்கும். அவற்றுக்கு இக்காலத்தில் நீரைக் குறைப்பதே வளர்ப்பு முறை. வறட்சியைத் தாங்கும் செடி, வறட்சியை வேண்டும் செடி, வறட்சியால் சாகும் செடி என மூவகையாகத் தோட்டத்தைப் பகுத்தறிவது குளிர்காலப் பணியின் முதற்பாடமாகும்.

5. நீர்க்குறை: குளிர்காலத்தின் மெய்யான கடுமை

தோட்டப் பாத்தி ஒன்று நீரை இழக்கும் அளவை எளிய கணக்கால் உணரலாம். மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் நீரும் இலைத்துளைகள் வழியே வெளியேறும் நீரும் சேர்ந்து நீராவிப்போக்கு எனப்படும். அது நாள் ஒன்றுக்கு 4 மில்லிமீட்டர் எனக் கொண்டால், ஒரு சதுர மீட்டர் நிலம் நாள்தோறும் 4 லிட்டர் நீரை இழக்கிறது; பத்துச் சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்குக் குளிர்காலத்தின் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மூன்று மாதங்களில் 3,600 லிட்டர் நீர் தேவைப்படும். அம்மூன்று மாதங்களில் வானம் தரும் 20 மில்லிமீட்டர் மழை இதில் 200 லிட்டரை மட்டுமே ஈடுசெய்யும். எஞ்சியது மண்ணில் சேர்ந்த ஈரத்திலிருந்தோ, குளத்திலிருந்தோ, கிணற்றிலிருந்தோ வந்தாக வேண்டும்.

மண்ணின் இயல்பும் ஊருக்குள்ளேயே மாறுபடுகிறது. ஷ்வேடகோன் பகோடா அமைந்த மேட்டுநிலம் பகோ யோமா மலைத்தொடரின் தென்கோடி. அங்குள்ள செம்புறை மண் நீரை விரைவில் வடியவிட்டுக் காய்ந்து இறுகுகிறது. அம்மேட்டைச் சூழ்ந்த தாழ்நிலங்களில் ஆறுகள் கொண்டுவந்த களிமண் மிகுதி. அது நீரை நெடுநாள் பிடித்துவைத்தாலும், காய்ந்தபின் அகலமாக வெடித்து, வெடிப்புகளின் வழியே அடிமண்ணின் ஈரத்தையும் இழப்பதோடு நுண்வேர்களையும் அறுத்துவிடுகிறது. செம்புறை மண்ணுக்கு அடிக்கடி சிறிதளவு நீரும், களிமண்ணுக்கு வெடிக்கும் முன்பே மேற்பரப்பைக் கொத்தி மூடுவதும் ஏற்றவை.

நகரின் நீர் வரலாறும் இந்த வறண்ட பருவத்தாலேயே வடிவம் பெற்றது. இன்று உலாவும் இடங்களாக அறியப்படும் கண்டோஜி ஏரியும், 1880களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட இன்யா ஏரியும் முதலில் குடிநீர்த் தேக்கங்களாகவே பயன்பட்டன. பின்னர் 1904இல் லோகா நீர்த்தேக்கமும், 1940இல் ஜோபியு நீர்த்தேக்கமும் நகருக்கு நீர் வழங்கத் தொடங்கின. இவற்றுக்குப் பின்னும் குழாய் நீர் எல்லா வீட்டையும் எட்டாததால் ஆழ்துளைக் கிணறுகளே பல குடும்பங்களுக்கு ஆதாரம். யாங்கூன் ஆற்றின் மறுகரையிலுள்ள டாலா பகுதியில் குளங்கள் வற்றி, குடிநீருக்கே மக்கள் வரிசையில் நிற்கும் நிலை வெயிற்காலம்தோறும் ஏற்படுகிறது. ஆறுகளில் நன்னீர் வரத்து குறையும் இம்மாதங்களில் கடல் ஓதம் உட்புகுந்து ஓடைகளை உவர்ப்பாக்குவதால், கண்முன் நீர் நிறைந்திருந்தும் அது செடிக்கு உதவாத இடங்களும் உண்டு. உவர்நீர் ஊற்றப்பட்ட செடி, மண்ணில் ஈரம் இருக்கும்போதே வாடுவதும், இலை விளிம்பிலிருந்து கருகத் தொடங்குவதும் இதன் அறிகுறிகள்.

2008 மே 2, 3 ஆகிய நாட்களில் தாக்கிய நர்கிஸ் சூறாவளி இந்நிலையின் கொடிய முகத்தைக் காட்டியது. யாங்கூனின் பழமையான மரங்கள் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. ஐராவதிக் கழிமுகத்தில் ஊர்க்குளங்கள் கடல்நீரால் நிரம்பியதால், அவற்றை இறைத்துத் தூய்மை செய்து அடுத்த வறண்ட பருவத்துக்குள் மீண்டும் மழைநீரால் நிரப்ப வேண்டியதாயிற்று. மழைக்காலத் தொடக்கத்தில் நேரும் அழிவு குளிர்காலத் தோட்டத்தின் நீரைப் பறிக்கக்கூடும் என்பதற்கு இது பெரும் சான்றாகும்.

6. சமவெளித் தோட்டக்காரரின் காப்பு முறைகள்

இந்நீர்க்குறையை எதிர்கொள்ளும் முறைகளுள் பழமையானதும் பரந்ததும், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே பயிர் எடுப்பது. யாங்கூன், பகோ, ஐராவதி வட்டாரங்களில் நெல் அறுவடையான வயல்களில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் உளுந்து விதைக்கப்படுகிறது. களிமண்ணில் தங்கிய ஈரத்தாலும் இரவுப் பனியாலும் வளர்ந்து அது பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் முற்றுகிறது. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் மிகப் பெரும் பங்கு மியான்மரிலிருந்தே வருவதால், தமிழ்நாட்டு வீடுகளின் இட்டலி மாவில் யாங்கூன் சுற்றுப்புறத்துக் குளிர்கால ஈரமும் கலந்திருக்கிறது எனலாம். வீட்டுத் தோட்டத்திலும் இதே நெறி செல்லும். அக்டோபர் முடியுமுன் விதைக்கப்பட்ட அவரையும் பயறும், டிசம்பரில் விதைக்கப்பட்டவற்றைவிடக் குறைந்த நீரில் விளையும்.

இரண்டாவது முறை மூடாக்கு. மண்ணின் மேல் வைக்கோல், உமி, சருகு போன்றவற்றைப் பரப்பி வெயிலும் காற்றும் நேரே படாமல் மறைப்பதே மூடாக்கு எனப்படுகிறது. குளிர்காலத் தொடக்கத்திலேயே நெல் அறுவடை நிகழ்வதால் வைக்கோலும் உமியும் அப்போதுதான் எளிதில் கிடைக்கின்றன. ஓடைகளை அடைத்து நிற்கும் ஆகாயத்தாமரையை அள்ளி உலர்த்தியும் பரப்பலாம். மூடாக்கு இடும் காலமே அதன் பயனை முடிவு செய்கிறது. மண் நனைந்திருக்கும் அக்டோபர் இறுதியில் இட்டால் அது ஈரத்தைக் காக்கும். மண் காய்ந்தபின் ஜனவரியில் இட்டால், ஊற்றும் நீரின் ஒரு பகுதியை வைக்கோலே குடித்துவிடும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு கை அகலம் விட்டுப் பரப்புவது தண்டழுகலையும் கரையான் தொல்லையையும் தவிர்க்கும்.

மூன்றாவது, நீரைக் கொடுக்கும் விதம். மியான்மரின் காய்கறி வளர்ப்போர் காவடித்தண்டின் இருமுனையிலும் பூவாளிகளைத் தொங்கவிட்டு, பாத்திகளுக்கு இடையே நடந்துகொண்டே இருபுறமும் நீர் தெளிக்கும் காட்சி அந்நாட்டுத் தோட்டங்களுக்கே உரியது. மின்னேற்றி இல்லாதவரும் செய்யக்கூடிய இம்முறைக்குக் கடும் உடலுழைப்பு தேவை; ஆதலால் பாத்திகள் குளத்துக்கு அருகிலேயே அமைக்கப்படுகின்றன. யாங்கூனின் வடக்கே வட்ட இரயில் பாதையை ஒட்டிய தாழ்நிலங்களில், வள்ளைக்கீரையை நீர் நிற்கும் வயல்களிலேயே வளர்த்து, டன்யிங்கோன் போன்ற நிலையங்களை ஒட்டிய சந்தைகளில் விற்பது நிலத்தின் இயல்புக்கு இயைந்த தீர்வு. துவாண்டே ஊரின் மட்கலத் தொழில் நெடுங்காலமாகப் புகழ்பெற்றது; மெருகிடாத மண்குடத்தைக் கழுத்து மட்டும் தெரியப் பாத்தியில் புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், குடத்தின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேருக்கு மட்டும் செல்லும். சீனாவிலும் இந்தியாவிலும் பழங்காலந்தொட்டு அறியப்பட்ட இக்குடப்பாசனம், மட்கலம் மலிவாகக் கிடைக்கும் யாங்கூன் சுற்றுப்புறத்துக்கு மிகவும் ஏற்றது.

நான்காவது, நோயும் பூச்சியும் பற்றிய விழிப்பு. வறண்ட பகலும் ஈரம் மிகுந்த குளிர் இரவும் மாறிமாறி வருவதால் பூசணி, வெள்ளரி, ரோசா ஆகியவற்றின் இலைகளில் வெண்பொடி படர்ந்தது போன்ற சாம்பல்நோய் தோன்றுகிறது. இலைப்பேன், செம்பேன், அசுவினி ஆகியவற்றை அடித்துக் கழுவும் மழை இல்லாததால் அவை பெருகுகின்றன. மாலையில் இலை நனைய நீர் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் தங்கிப் பிற பூஞ்சை நோய்களுக்கு இடம் கொடுக்கும். காலையில் வேரடியில் ஊற்றுவதே நன்று. நிழலுக்குக் கழிமுகத்தில் கூரை வேயப் பயன்படும் நீர்த்தென்னை ஓலையும் மூங்கில் தட்டியும் போதுமானவை. தெற்கிலும் மேற்கிலும் மறைத்து, கிழக்கைத் திறந்துவிடும் பந்தல், காலை வெயிலை ஏற்று நண்பகல் வெயிலைத் தடுக்கும்.

7. உறைபனி விழும் மலைநாடுகள்

சமவெளியைவிட்டு மலையேறினால் வினாவின் இயல்பே மாறுகிறது. சின் மாநிலத்தின் ஹாக்கா, ஷான் மாநிலத்தின் பின்லாங் போன்ற ஊர்களில் குளிர்கால இரவு வெப்பம் சுழியத்தை ஒட்டி இறங்குவதுண்டு. கலோ, ஆங்பான், ஹேஹோ ஆகிய ஷான் ஊர்களைச் சூழ்ந்த மேட்டுநிலங்களிலிருந்து முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும், ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்திலுள்ள இன்லே ஏரியில் இந்தா மக்கள் மிதக்கும் பாத்திகளில் விளைவிக்கும் தக்காளியும் யாங்கூன் சந்தைக்கு வருவதால், மலையில் விழும் பனி சமவெளியின் விலையையும் பாதிக்கும். ஏரி நீர் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் மெல்ல வெளியிடுவதால், மிதக்கும் பாத்திகள் சுற்றியுள்ள நிலத்தைவிடக் கடுங்குளிருக்கு ஓரளவு அரண் பெற்றவை.

மலைகளில் அஞ்சப்படுவது பெரும்பாலும் கதிர்வீச்சு உறைபனி. மேகமும் காற்றும் அற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிட, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. எனவே ஒரே மலையில் சரிவின் நடுவிலுள்ள தோட்டம் தப்பிக்க, அதன் கீழுள்ள தாழ்வான தோட்டம் கருகுவது இயல்பு. குளிர்காற்று வழிந்தோட வேலியின் அடியில் இடம் விடுவதும், பள்ளத்தில் மென்செடிகளை நடாமல் தவிர்ப்பதும் செலவில்லாத காப்புகளாம்.

இவ்வகை உறைபனியைத் தமிழர் நன்கறிந்த இடம் நீலகிரி. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் 1848இல் மெக்ஐவர் பொறுப்பேற்று வளர்த்த அரசு தாவரவியல் பூங்காவில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலர்ப் பாத்திகளைக் கோத்தகிரி மிலார் என அழைக்கப்படும் செடியின் தழைகளால் மூடுவதும், காலையில் வெயில் ஏறும் முன்பே புல்வெளியில் நீர் தெளித்துப் பனியைக் கரைப்பதும் ஆண்டுதோறும் நிகழும் பணிகள். தழை மூடல் நிலத்தின் வெப்பம் வானுக்குத் தப்பாமல் தடுக்கிறது. காலை நீர், உறைந்த இலை வெயிலில் திடீரெனச் சூடேறிச் சிதையாமல் காக்கிறது. இரவு முழுவதும் நீர் தெளிக்கும் மற்றொரு முறையும் உண்டு. ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுவதால் இலை சுழியத்துக்குக் கீழே செல்லாமல் நிற்கும். ஆனால் தெளிப்பு நடுவில் நின்றுவிட்டால், நனைந்த இலை ஆவியாதலால் மேலும் குளிர்ந்து முன்னிலும் மோசமாகக் கெடும்.

2019 ஜனவரியில் மூணாறின் தேயிலைத் தோட்டங்கள் உறைபனியால் கருகின. இலங்கையில் 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நிலப்பனி தேயிலையையும் உருளைக்கிழங்கையும் தாக்குவதுண்டு. இவ்விடங்களில் இழப்பு பெருந்தோட்டத்தோடு நிற்பதில்லை. தேயிலைக் கொழுந்து கருகினால் கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளரின் வேலை நாட்கள் குறைகின்றன; குடியிருப்பை ஒட்டி அவர்கள் வளர்க்கும் கரட்டும் லீக்சும் கெட்டால் துணை வருமானமும் போகிறது. குளிர்காலக் காப்பு முறைகளை வெறும் அழகுத் தோட்டக் கலையாக நோக்குவது எவ்வளவு குறையுடையது என்பதை இது தெளிவாக்குகிறது.

8. குளிர்நாடு சென்ற மியான்மர்த் தாவரங்கள்

மியான்மரின் தாவரங்கள் மெய்யான கடுங்குளிரை எதிர்கொண்ட வரலாறு ஐரோப்பாவில் நிகழ்ந்தது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த வாலிச் 1827இல் சால்வீன் ஆற்றுப் பகுதியில் கண்டு விவரித்த ஆம்ஹெர்ஸ்டியா என்னும் மரம், தொங்கும் செந்நிறப் பூங்கொத்துகளுக்காக உலகின் மிக அழகிய மரங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. அதைப் பெறுவதற்காகவே டெவன்ஷயர் கோமகன் 1835இல் ஜான் கிப்சன் என்னும் தோட்டக்காரரை இந்தியாவுக்கு அனுப்பினார். ஆயினும் இங்கிலாந்தில் அம்மரம் முதன்முதலாகப் பூத்தது 1849இல், ஈலிங் பூங்காவின் வெப்பக் கண்ணாடிக் கூடத்தில். அதுவும் ஓயாமல் வெப்பமும் ஈரமும் ஊட்டப்பட்டதாலேயே இயன்றது.

இதற்கு மாறான பாதையையும் சில தாவரங்கள் கண்டன. மோலமைனில் 1852 முதல் குருவாகப் பணியாற்றிய சார்லஸ் பாரிஷ் சேகரித்த ஆர்க்கிடுகள், குளிர்காலத்தில் வறண்ட ஓய்வு வேண்டுவன என்பது மெல்ல உணரப்பட்ட பின்னரே ஐரோப்பியக் கூடங்களில் செழித்தன. 1911இல் சின் மலைகளின் விக்டோரியா சிகரத்துக்கு ஏறிய சார்லட் வீலர் கஃப் அம்மையார் அங்கிருந்து அனுப்பிய செடிகளுள் ஒரு ரோடோடென்ட்ரான் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் மேம்யோவில், அதாவது இன்றைய பியின் ஊ ல்வினில், அமைந்த தாவரவியல் தோட்டத்தின் உருவாக்கத்திலும் அவர் பங்கேற்றார். ஏறத்தாழ 1,070 மீட்டர் உயரமுள்ள அவ்வூர் இன்றும் குளிர்கால மலர்களுக்குப் பெயர்பெற்றது. ஒரு செடி எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதை நாட்டின் பெயரால் அறிய இயலாது. அது பிறந்த உயரமும், அவ்விடத்துப் பருவமுமே அதை அறிவிக்கும் என்பதை இவ்வரலாறு நிறுவுகிறது.

9. மாறிவரும் நிலைமைகள்

அண்மைக் காலத்தில் இரண்டு மாற்றங்கள் யாங்கூன் தோட்டங்களின் குளிர்காலத்தை மேலும் கடினமாக்கியுள்ளன. முதலாவது, பருவமழை பிந்தித் தொடங்கி முந்தி முடியும் போக்கு. மழைக்காலம் சுருங்கினால் வறண்ட காலம் நீளும், நீளும் வறட்சி கடும் வெயிற்காலத்தோடு சேரும். 2024 ஏப்ரல் 28இல் மத்திய மியான்மரின் சௌக் நகரில் 48.2 பாகை வெப்பம் பதிவானது. அத்தகைய ஏப்ரலைத் தாங்கும் வலிமையைச் செடி பெறுவது அதற்கு முந்திய குளிர்காலத்தில் வேர் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, 2021க்குப் பின் நீண்டுவரும் மின்வெட்டு. ஆழ்துளைக் கிணற்றையும் மின்னேற்றியையும் மட்டும் நம்பிய தோட்டங்கள், மின்சாரம் உள்ள நேரத்தில் நீரைத் தொட்டிகளில் சேமித்துக்கொள்ள வேண்டிய கட்டாயத்தில் உள்ளன.

இவற்றோடு சருகு எரிக்கும் வழக்கமும் கண்டிக்கத்தக்கது. காற்று அசையாத குளிர்காலக் காலைகளில் எரியும் சருகின் புகை நகரின் மேலேயே தேங்கி மூச்சுக்குக் கேடு செய்கிறது. அதே சருகு மண்ணில் பரப்பப்பட்டிருந்தால் நீரைக் காத்திருக்கும். எரிப்பவர் ஒரே செயலால் காற்றையும் கெடுத்து மண்ணின் போர்வையையும் அழிக்கிறார்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. குளிர்காலத்தின் கடுமையை வெப்பமானி ஒன்றைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. யாங்கூனில் அது நீரின் அளவாலும், நீலகிரியிலும் ஷான் மேட்டுநிலத்திலும் இரவின் தெளிவாலும் அளக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, இவ்விரு நிலங்களிலும் காப்புப் பொருள்கள் பெரும்பாலும் ஒன்றே; தழையும் வைக்கோலும் ஓரிடத்தில் ஈரத்தையும் மற்றோரிடத்தில் வெப்பத்தையும் காக்கின்றன. மூன்றாவதாக, பயன் தரும் பணிகள் யாவும் பருவம் வருமுன்பே செய்யப்படுபவை. அக்டோபரில் மூடாக்கு இடாதவர் ஜனவரியில் எவ்வளவு நீர் சுமந்தாலும் அக்குறையை முழுதும் ஈடுசெய்ய முடியாது.

ஆகவே தமிழில் தோட்டக்கலை நூல் எழுதுவோரும், யாங்கூன் முதலிய அயலகங்களில் தமிழ்க் குடும்பங்களுக்கு வழிகாட்டுவோரும், எல்லா ஊருக்கும் ஒரே பருவ அட்டவணையைத் தருவதைக் கைவிட்டு, அந்தந்த ஊரின் மழை, மண், காற்று ஆகியவற்றைக் கொண்டு விதைப்புக்கும் மூடாக்குக்கும் நீருக்கும் தனித்தனிக் காலக்குறிப்புகளை வகுத்துத் தரவேண்டும். யாங்கூனைப் பொறுத்தவரை அக்குறிப்பின் முதல் வரி, மழையின் கடைசி வாரத்தில் மண்ணை மூடுக என்பதாகவே இருக்க வேண்டும்.